சங்கமும் தொண்டும்

தனியொருவரால் இயலாத செயல்களைப் பலர் ஒன்றுகூடி எளிதில் செய்து முடித்தலை நாம் காண்கின்றோம். ஏரிக்கரை உடையுமாயின் ஊரார் அனைவரும் மண்வெட்டியும் கூடையுமாக ஓடிவருவர். திருவிழாவில் தேர் நிலைக்கு வந்து சேர்வதற்குப் பல நூறு கைகள் வடம் பிடித்தல் வேண்டும். திருவள்ளுவர் ஈகையைப் பற்றி ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையவில்லை. அதற்கு முன்னர், 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலை வைத்தார். வறியவர் ஒருவர்க்குக் கொடுத்தல் ஈகை. தாம் வாழும் சமுதாயத்திற்குப் பயன்படுமாறு ஒழுகுதல் ஒப்புரவு. இவ்வொப்புரவைப் பலர் கூடி, முறையாகச் செய்வதற்கென அமைந்தவையே தொண்டுச் சங்கங்கள். அவற்றுள் ஒன்று, நம் ஊர்களில் 'அரிமா சங்கம்' என வழங்கும் லயன்ஸ் சங்கம். அதன் கிளை எவ்வாறு இயங்குகின்றது, நிதியை எவ்வாறு திரட்டுகின்றது, திரட்டிய நிதியை எவ்வாறு காக்கின்றது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில் மெல்வின் ஜோன்ஸ் என்பவர் காப்பீட்டுத் தொழில் நடத்திவந்தார். அவர் அந்நகர வணிகர்கள் சிலர் கூடும் குழு ஒன்றில் உறுப்பினராக இருந்தார். வணிகர் ஒருவர்க்கொருவர் துணைபுரிந்து தத்தம் தொழிலைப் பெருக்கிக்கொள்வதே அக்குழுவின் நோக்கம். இத்தனை ஆற்றலுடையோர் கூடியும் ஊருக்கு ஒரு நன்மையும் விளையவில்லையே என்று ஜோன்ஸ் எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாக 1917ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பல குழுக்களின் பேராளர்கள் சிக்காகோவில் கூடினர். அவ்வாண்டு அக்டோபரில் டல்லாஸ் நகரில் முதல் மாநாடு நடைபெற்றது. உறுப்பினர்தம் பொருள் வருவாயைப் பெருக்குவதை எந்தக் கிளையும் தன் நோக்கமாகக் கொள்ளலாகாது என்னும் விதியை அம்மாநாடு இயற்றியது. தந்நலத்திற்காகக் கூடியவர் பிறர்நலத்திற்காகக் கூடுவோராக மாறியது இவ்விதியினாலேயே எனலாம். இன்று இச்சங்கத்தில் உலகெங்கும் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உறுப்பினராக உள்ளனர். 1987ஆம் ஆண்டு முதல் மகளிரும் உறுப்பினராகச் சேர்க்கப்படுகின்றனர்.

கண்பார்வைத் தொண்டு இச்சங்கத்தின் தலையாய பணியாக அமைந்த வரலாறு நினைவிற்கொள்ளத் தக்கது. குழந்தைப் பருவத்திலேயே பார்வையையும் கேள்வியையும் இழந்தும் கல்வியிற் சிறந்து விளங்கியவர் ஹெலன் கெல்லர் அம்மையார். அவர் 1925ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் ஒஹையோ மாநிலத்தில் நடைபெற்ற அரிமா மாநாட்டில், பார்வையற்றோர்க்குத் துணை நிற்குமாறு வேண்டினார். அவ்வேண்டுகோளை உறுப்பினர்கள் ஏற்றனர். ஐந்தாண்டுகள் கழித்துப் பியோரியா என்னும் நகரின் கிளையைச் சேர்ந்த ஜார்ஜ் பான்ஹாம், பார்வையற்ற ஒருவர் தெருவைக் கடக்க இயலாது தவிப்பதைக் கண்டார். அவர் கையிலிருந்த கறுப்புக் கோல் வண்டியோட்டிகளின் கண்ணுக்குப் புலப்படவில்லை. கோலுக்கு வெண்ணிறம் பூசிச் சிவப்புப் பட்டையும் இட்டால் என்ன என்று பான்ஹாம் கருதினார். கிளையும் அதனை ஏற்றுச் செயற்படுத்தியது. வெள்ளைக்கோல் அந்நாடெங்கும் பரவுவதற்கு இச்சிறு கிளையின் முயற்சி பெருந்துணையாயிற்று.

இனி ஒரு கிளையின் உள்ளமைப்பை நோக்குவோம். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரை உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கின்றனர். உறுப்பினர் ஒவ்வொருவரும் சந்தா செலுத்துகின்றனர். குறிப்பிட்ட நாட்களில் அனைவரும் கூடி உரையாடுகின்றனர். உடன் அமர்ந்து உண்கின்றனர். சில நாட்களில் குடும்பத்தினரையும் அழைத்து வருகின்றனர். அக்கூட்டங்களில் நகைச்சுவைக்கும் இடமுண்டு. 'வாலை முறுக்குபவர்' என்று பொருள்படும் வேடிக்கைப் பெயருடைய பொறுப்பாளர் ஒருவரைக் கிளைகள் வைத்துக்கொள்வதுண்டு. உறுப்பினர்களின் சிறு பிழைகளுக்கு விளையாட்டாக அபராதம் விதிப்பது அவர் தொழில். அவ்விளையாட்டிற்கும் வரையறை உண்டு. ஒரே கூட்டத்தில் ஒருவர்க்கு இருமுறைக்கு மேல் அபராதம் விதித்தல் ஆகாது. வாங்கிய தொகையை உடனே பொருளாளரிடம் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறுதல் வேண்டும். விளையாட்டாகப் பெற்ற சில்லறைக் காசுக்கும் சீட்டுக் கேட்கும் வழக்கம் இங்கு நாம் கருதத்தக்கது.

உண்பதும் சிரிப்பதும் தொண்டாகுமா என்று சிலர் வினவலாம். முன்பின் அறியாதவர் ஒருவரோடு ஒருவர் தோள் சேர்த்து உழைத்தல் அரிது. யார் கணக்கில் வல்லவர், யார் சொன்ன சொல் தவறாதவர், யார் நள்ளிரவில் அழைத்தாலும் வருபவர் என்பன பழகினாலன்றித் தெரியா. ஆதலின் அக்கூட்டங்கள் தொண்டுக்கு வேண்டிய நட்பை வளர்க்கின்றன. ஆயின் அவ்விருந்தின் செலவை யார் ஏற்பது? இவ்வினாவிற்கு அரிமா சங்கம் தெளிவான விடை வைத்துள்ளது. ஒவ்வொரு கிளையும் இரு வேறு கணக்குகளை வைத்தல் வேண்டும். சந்தா முதலாக உறுப்பினர் தம் கையிலிருந்து கொடுப்பது நிருவாகக் கணக்கில் சேரும். விருந்துச் செலவும் அலுவலகச் செலவும் அதிலிருந்தே செய்யப்படும். பொதுமக்களிடம் திரட்டியது தொண்டுக் கணக்கில் சேரும். அது பொதுமக்களுக்கே திரும்புதல் வேண்டும். அந்நிதியைத் திரட்டுவதற்கு நேராக ஆன செலவை மட்டுமே அதிலிருந்து கழிக்கலாம்.

நிதி திரட்டும் வழிகளுள் நம் நாட்டிற்கு நன்கு பழகியது இசையரங்கு. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1944ஆம் ஆண்டு கஸ்தூரிபாய் நினைவு நிதிக்காக இசைநிகழ்ச்சிகள் நடத்தித் தந்தார். அதன் பின்னரும் எத்தனையோ அறச்செயல்களுக்குப் பாடிப் பொருள் ஈட்டிக் கொடுத்தார். அப்பொதுத் தொண்டிற்காகவே 1974ஆம் ஆண்டு மகசேசே பரிசு அவரை நாடி வந்தது.

ஒரு கிளை இத்தகைய நிகழ்ச்சி ஒன்றை நடத்துவதாகக் கொள்வோம். 200 ரூபாய்ச் சீட்டு 400 விற்றால் 80,000 ரூபாய் திரளும். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, அச்சுக்கூலி ஆகியவற்றிற்கு 30,000 ரூபாய் செலவாயின், 50,000 ரூபாய் எஞ்சும். சீட்டு வாங்கிய ஒருவர் கொடுத்த 200 ரூபாயில் 125 ரூபாய் தொண்டுக்குச் சேர்கின்றது. அதே நிகழ்ச்சியை ஆடம்பரமாக நடத்தி, அலங்காரத்திற்கும் விருந்திற்குமாக 70,000 ரூபாய் செலவிட்டால் எஞ்சுவது 10,000 ரூபாயே. அப்பொழுது 200 ரூபாயில் 25 ரூபாய் மட்டுமே ஏழைக்குச் சேரும். அரங்கம் நிரம்பியதைக் கண்டு அனைவரும் கைதட்டுவர். ஆனால் எத்தனை பேர்க்குப் பார்வை கிடைத்திருக்கும் என்பதைக் கணக்கு ஒன்றே காட்டும்.

திரட்டிய நிதி பயன்படும் இடங்களுள் கண் மருத்துவ முகாம் தலைசிறந்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி என்னும் கண் மருத்துவர் வாழ்ந்தார். முடக்குவாதத்தால் அவர் விரல்கள் கோணியிருந்தன. அவ்விரல்களைக் கொண்டே அவர் அறுவை மருத்துவம் பயின்று பல்லாயிரவர்க்குப் பார்வை அளித்தார். அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின் 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அம்மருத்துவமனையின் மருத்துவர்கள் சிற்றூர்களுக்குச் சென்று முகாம் நடத்துகின்றனர். அம்முகாம்களுக்கு உள்ளூர்ச் சங்கங்கள் பல வகையில் துணைநிற்கின்றன. தெருத்தெருவாக அறிவிப்புச் செய்தல், பள்ளிக் கட்டடம் ஒன்றை ஏற்பாடு செய்தல், முதியோரை வரிசையில் அமர்த்துதல், உணவு வழங்குதல் போன்றவை அத்தகைய துணைகளாம். கண்ணினுள் இருக்கும் வில்லை ஒளி புகாதவாறு மங்குவதே கண்புரை. அந்நோய் உள்ளவரை மருத்துவமனைக்குப் பேருந்தில் அழைத்துச் சென்று, மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்துவர். 1992 முதல் அவ்வில்லைகள் மதுரையிலேயே குறைந்த செலவில் செய்யப்படுகின்றன.

மருத்துவர் திறமை, மருத்துவமனையின் ஒழுங்கு, சங்கத்தின் உழைப்பு ஆகியவற்றுள் எது குறையினும் முகாம் பயன்தராது. அறிவிப்புச் சரிவரச் செய்யப்படாத ஊரில், கோலூன்றித் தனியே வாழும் மூதாட்டிக்குச் செய்தி எட்டாது. பேருந்துக்குப் பணம் போதாதெனில், பெயர் எழுதப்பட்ட முதியவர் வீடு திரும்புவார். விருந்திற்கு மிகையாகச் செலவிட்ட தொகை உண்மையில் இவர்களிடமிருந்து எடுக்கப்பட்டதே அன்றோ?

உதவி பெறுவோரின் மானத்தைக் காத்தலும் சங்கத்தின் கடமையாகும். கண்ணாடி பெறும் முதியவரை மேடையேற்றி நெடுநேரம் நிற்கவைத்தல் தொண்டாகாது. கொடுப்பவர் உயர்ந்தவர், பெறுபவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணம் ஒப்புரவுக்குப் பகையாகும்.

மாணவர்களே! உங்கள் பள்ளியிலும் மன்றங்கள் உள்ளன. வெள்ளமோ புயலோ நேருங்கால் நீங்களும் உண்டியல் ஏந்திச் செல்கின்றீர்கள். அப்பொழுது இச்சங்கத்தின் வழக்கங்களைப் பின்பற்றுங்கள். கொடுத்தவர் யாவர்க்கும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். உண்டியலைத் தனியொருவர் திறவாது, மூவர் முன்னிலையில் எண்ணுங்கள். உங்கள் சிற்றுண்டிச் செலவை உங்கள் கையிலிருந்தே செய்யுங்கள். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, அனுப்பியது இவ்வளவு என எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதனைப் படிக்கும் ஊரார், அடுத்த முறை நீங்கள் கேட்பதற்கு முன்னரே கொடுக்க முன்வருவர்.