ரங்கூனில் பிறந்த பாட்டிகள்

ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்சார ரயில் ஏறிச் சென்னைக் கடற்கரைக்குப் போகும் நேயர்களே, வழியில் வியாசர்பாடி ஜீவா நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய பகுதிகளில் வியாசர்பாடியும் ஒன்று. அவர்களில் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். ஊர் திரும்பினார்கள் என்று நாம் சொன்னாலும், அங்கே பிறந்த பெண்களுக்குத் தமிழ்நாடுதான் புது ஊர்.

1962-இல் பர்மாவில் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வாழ்நாள் சேமிப்பு கரைந்த குடும்பங்கள் கப்பலேறின. இளம் மனைவிகளாக வந்து இறங்கியவர்கள்தான் பின்னாளில் பேரன் பேத்தி எடுத்த பாட்டிகள். சிறுமிகளாக 1942-இல் ஜப்பானியக் குண்டுவீச்சைக் கண்டவர்களும் அவர்களில் உண்டு. ஒரே வாழ்நாளில் இரண்டு பெருந்துயரங்கள்! இந்தக் கதைகளைக் கேட்டு எழுதி வைக்க வேண்டிய வயதில் இருக்கிறார்கள் அவர்களின் பேரப்பிள்ளைகள்.

அவர்கள் கொண்டுவந்த கைப்பக்குவத்தை யாராலும் பறிக்க முடியவில்லை. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளிக்கரைசல் சேர்த்துக் கையாலேயே பிசைந்தால் அத்தோ. பர்மாவில் மீன் குழம்பில் வேகும் வாழைத்தண்டு, இங்கே மீன் இல்லாத சூப்பாகவும் மாறியது. கடற்கரை நிலையத்தில் இறங்கினால் எதிரே பர்மா பஜார். மாலையில் அதையொட்டிய தெருக்களில் அத்தோ கிடைக்கும்.