முழங்கைக்கு ஒரு மெத்தை

சிப்பிப்பாறை நாய் ஒன்றின் முன்னங்காலைத் தூக்கி முழங்கையைத் தடவிப் பாருங்கள். முடி உதிர்ந்து, தோல் கறுத்து, காய்த்துப் போயிருந்தால் அது சிமெண்டுத் தரையில் படுத்து எழும் நாய் என்று சொல்லிவிடலாம்.

மேலநீலிதநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரத்தை ஒட்டிய விருதுநகர் மாவட்டம்தான் ராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரு நாட்டு இனங்களுக்கும் ஊர்ப்பெயரைக் கொடுத்தது. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல் தலையே வெளியிட்டது. 2020-ல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் இரண்டையும் தனி இனங்களாகப் பதிவு செய்தது. பேரும் புகழும் வந்துவிட்டன. படுக்கை மட்டும் பல வீடுகளில் இன்னும் அதே கிழிந்த சாக்குதான்.

‘நாட்டு நாய்க்கு எதற்கு மெத்தை?’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில் அதற்குத்தான் முதலில் வேண்டும். ஓடுவதற்கென்றே உருவான உடம்பு அது. கொழுப்பு குறைவு, தோல் மெலிசு, முடி குட்டை. படுக்கும்போது உடம்பின் பாரம் முழங்கை, இடுப்பு, குதிகால் எலும்புகளில் நேராக இறங்குகிறது. முதலில் காய்ப்பு விழும். அது வெடித்துச் சீழ் பிடிப்பதும் உண்டு. சில பெரிய நாய்களுக்கு முழங்கை முனையில் வலியில்லாத நீர்க்கட்டி தொங்கும். அதை ஊசியால் குத்தி எடுத்தால் கிருமி உள்ளே போய்விடும் ஆபத்து இருக்கிறது. தரை மாறாவிட்டால் நீர் மறுபடியும் சேரும். கட்டி சிறிதாக இருக்கும்போது கால்நடை மருத்துவர்கள் முதலில் சொல்வது மெத்தென்ற படுக்கையைத்தான்.

அந்தக் காலத்து நாய்கள் என்ன மெத்தையிலா படுத்தன? இல்லைதான். ஆனால் அவை படுத்தது வைக்கோல் படப்பின் அடியிலும், மணலிலும், உழுத கரிசலிலும். காலால் பறித்து, சுற்றிச் சுற்றி வந்து, உடம்புக்கு ஏற்ற குழியைத் தானே செய்துகொள்ளும். சிமெண்டும் டைல்ஸும் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

கடையில் பார்த்தவுடன் மனம் மயக்குவது வட்டமாக, விளிம்பு உப்பிய பஞ்சுப் படுக்கை. சின்ன நாய்க்குச் சரி. காலை நீட்டிப் படுக்கும் வேட்டை நாய்க்கு அது தொட்டில். மூக்கு முதல் வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதற்கு மேல் ஓர் அடி சேர்த்து நீள்சதுரமாக வாங்குவதே நல்லது. ஃபோம் என்றால் கடைக்காரரிடம் டென்சிட்டியைக் கேட்க வேண்டும். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். 40 டென்சிட்டி, 32-ஐவிடப் பொதுவாக நாள்பட உழைக்கும். மூட்டுவலி வந்த கிழட்டு நாய்க்குப் பலரும் சிபாரிசு செய்யும் மெமரி ஃபோம், 1966-ல் நாசாவுக்காக விமான இருக்கைகளை மனதில் வைத்து உருவானது. அழுத்தத்தைப் பரப்பிவிடுவதில் கெட்டி. ஆனால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் அதை அப்படியே வாங்குவது வீண் செலவு. ரப்பர் சேர்த்த தென்னைநார் மெத்தையின் மேல் இரண்டு அங்குல ஃபோம் போட்டால் காற்றும் போகும், தாங்கவும் தாங்கும். இலவம் பஞ்சு குளிர்ச்சிதான், ஆனால் சீக்கிரம் அழுந்திவிடும். நனைந்தால் காயவே நாளாகும். கயிற்றுக் கட்டிலும் நல்லதுதான், தாழ்வாக இருந்தால். இடுப்பு தளர்ந்த நாய் ஏற முடியாத கட்டில் படுக்கையாகாது.

எப்போது மாற்றுவது? நாய் படுக்கும் நடுப்பகுதியில் முழங்காலை ஊன்றிப் பார்க்க வேண்டும். தரை தட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. நாய் எழுந்து போன பிறகும் குழி நிமிராமல் கிடந்தாலும் அப்படித்தான்.

உறையைக் கழற்றித் துவைக்க முடிவது, விலையைவிட முக்கியம். தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் நாயின் மேல் ஒட்டி நிற்பதில்லை. உதிர்ந்து படுக்கையில்தான் விழும். உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் இடுக்கிலும் படுக்கை மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வாரம் ஒருமுறை சுடுநீரில் உறையை அலசி, நல்ல வெயிலில் காயப்போடாமல் மருந்து மட்டும் தெளித்துப் பயனில்லை. மூத்திரம் ஊறிய ஃபோமைக் கழுவிக் காப்பாற்றலாம் என்று நினைக்காமல் தூக்கிப் போடுவதே மேல். கடித்துப் பிய்க்கும் குட்டிக்கு ஃபோமே வேண்டாம், விழுங்கினால் குடலை அடைத்துவிடும். மடித்த பழைய போர்வை போதும்.

புதுப் படுக்கையை நாய் சீந்தாமல் போவதும் நடக்கும். பழைய உறையைத் துவைக்காமல் அதன் மேல் விரித்துவிட்டால், தன் வாடை இருப்பதால் மெல்ல வந்து படுக்கும். சித்திரை, வைகாசியில் மட்டும் மத்தியானம் மெத்தையை விட்டுவிட்டு வெறும் தரைக்குப் போனால் அது பிடிவாதமல்ல. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில் மட்டும். வயிற்றைத் தரையில் ஒட்டிச் சூட்டை இறக்குகிறது. அதைத் திரும்ப இழுத்து வராமல், மெத்தையை நிழலான மூலைக்கு நகர்த்தி, பக்கத்திலேயே கொஞ்சம் வெறுந்தரையையும் விட்டுவைத்தால் போதும். ராத்திரி தானாக வந்து ஏறிக்கொள்ளும்.