விலாசம் தவறிய புரதம்

திருவனந்தபுரத்துக்குக் குடிவந்த புதிதில், நாகர்கோவிலிலிருந்து அம்மா போட்ட கடிதமொன்று பத்து நாள் கழித்து வந்தது. பழக்கதோஷத்தில் 695-க்குப் பதில் 629 என்று தம் ஊர்ப் பின்கோடையே எழுதிவிட்டார்!

நம் செல்களுக்குள்ளும் இப்படியொரு தபால் ஏற்பாடு உண்டு. மைட்டோகாண்ட்ரியா, பெராக்ஸிசோம் என உள்ளே தனித்தனி அறைகள். புரதங்களோ பெரும்பாலும் இவற்றுக்கு வெளியே, ரைபோசோம்களில் தயாராகின்றன. போக வேண்டிய விலாசம் புரதத்திலேயே எழுதியிருக்கிறது. இதைக் கண்டறிந்த குந்தர் புளோபெலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெராக்ஸிசோமுக்குச் செல்லும் பல புரதங்களுக்கு வால்நுனியில் உள்ள மூன்றே அமினோ அமிலங்கள்தான் விலாசம். நமக்கோ ஆறு இலக்கம் வேண்டியிருக்கிறது!

கல்லீரலில் ஏ.ஜி.டி. என்றொரு நொதி உண்டு. பெராக்ஸிசோமில் இருந்தால்தான் அது ஆக்ஸலேட் பெருகாமல் காக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அது மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடுகிறது. நொதி வேலை செய்யும், இடம்தான் தவறு. ஆக்ஸலேட் சிறுநீரகத்தில் கல்லாகி, சிறுநீரகமே செயலிழக்கவும் கூடும். பெற்றோர் இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் இந்த நோய். அத்தை மகள், மாமன் மகன் என்று மணமுடிக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தைக்குக் கல் என்றால் வாழைத்தண்டுச் சாறோடு நின்றுவிடாமல் சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள். விலாசம் தவறிய இந்த வகையில் பலருக்கு வைட்டமின் பி6 பலன் தருகிறது.