பருத்திக் குண்டிகையும் பயிற்சியாளரும்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை கூறியதோடு அமையாமல், ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமைகளைத் தந்துள்ளார். அவற்றுள் ஒன்று பருத்திக் குண்டிகை. குறுகிய வாயுடைய கலத்தினுள் பஞ்சைச் சிறிது சிறிதாகத்தான் திணிக்க இயலும். எடுக்குங்காலும் அவ்வாறே, பெரு முயற்சிக்குப் பின்னரே அது வெளிவரும். ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. இவ்வுவமையில் கலம் வெறுமையாக இல்லை, நிறைந்தே இருக்கிறது. கல்லாதவரைப் பற்றியன்று, கற்றும் வழங்க இயலாதவரைப் பற்றியே முனிவர் பேசுகிறார்.

இக்கருத்தை விளையாட்டு உலகம் அடிக்கடி மெய்ப்பித்து வருகிறது. களத்தில் ஒப்பாரும் மிக்காரும் இன்றி ஆடியவர்கள், பயிற்சியாளராக அமர்ந்தபின் பெயர் சொல்லும்படி விளங்காமற் போதல் புதுமையன்று.

கனடா நாட்டின் வேய்ன் கிரெட்ஸ்கி பனித்தள ஹாக்கியின் தனிப்பெரும் வீரர். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கிக் கூட்டமைப்பில் அவர் ஈட்டிய புள்ளிகள் 2857. உடல் வலிமையிலோ வேகத்திலோ அவர் பிறரை விஞ்சியவர் அல்லர். வட்டு அடுத்த நொடியில் எங்கு வந்து சேரும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து அங்கு நிற்பதே அவருடைய ஆற்றல். அத்தகையவர் 2005 முதல் 2009 வரை பீனிக்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். 328 ஆட்டங்களில் வென்றவை 143. நான்கு பருவங்களில் ஒன்றிலேனும் அவ்வணி இறுதிக்கட்டப் போட்டிகளுக்குத் தகுதி பெறவில்லை. அவரிடம் இருந்த முன்னுணர்வு அவரிடமே இருந்துவிட்டது.

நம் நாட்டுக் கபில் தேவின் செய்தியும் ஏறத்தாழ இத்தகையதே. 1983இல் உலகக் கோப்பையை ஏந்திய தலைவர். டெஸ்ட் ஆட்டங்களில் 434 விக்கெட்டுகளும் 5248 ஓட்டங்களும் குவித்தவர். 1999இல் இந்திய அணியின் பயிற்சியாளரானார். ஆஸ்திரேலியாவில் மூன்று டெஸ்டுகளிலும் தோல்வி. தொடர்ந்து சொந்த மண்ணில் தென்னாப்பிரிக்காவிடம் இரண்டிலும் தோல்வி. 2000இல் அவர் விலகினார். அக்காலத்தில் வேறு பல குழப்பங்களும் இந்தியக் கிரிக்கெட்டைச் சூழ்ந்திருந்தமையால், பழி முழுவதையும் அவர்மேல் சுமத்துதல் நேர்மையன்று. எனினும், அவர்க்குப்பின் வந்த நியூசிலாந்தின் ஜான் ரைட், கபிலைப் போன்ற மேதையல்லர். பொறுமையாலும் உழைப்பாலும் தொடக்க ஆட்டக்காரராக நிலைபெற்றவர். அவர் காலத்தில்தான் இந்திய அணி, தொடர்ந்து 16 டெஸ்டுகளில் வென்றிருந்த ஆஸ்திரேலியாவை 2001இல் வீழ்த்தியது. 2003இல் உலகக் கோப்பை இறுதியாட்டம் வரை சென்றது.

இதற்குக் காரணம் யாது? செருக்கு என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் உளர். அது மேம்போக்கான விடை. உண்மைக் காரணம் திறன் என்பதன் இயல்பிலேயே உள்ளது.

எத்திறனையும் நாம் தொடக்கத்தில் எண்ணி எண்ணிச் செய்கிறோம். மிதிவண்டி பழகும் சிறுவன் கைப்பிடியையும் மிதியையும் பாதையையும் தனித்தனியே நினைக்கிறான், விழுகிறான். பழகப்பழக அந்நினைவுகள் ஒன்றோடொன்று இணைந்து, முடிவில் நினைவையே விட்டு நீங்கி உடலின் இயல்பாகி விடுகின்றன. தேர்ச்சி என்பதே படிகளை மறத்தல்தான். 2001இல் பைலாக், கார் என்னும் உளவியல் ஆய்வாளர்கள் கோல்ஃப் ஆட்டத்தில் இதனைச் சோதித்தனர். பந்தைக் குழியில் இடுவது எவ்வாறு எனப் பொதுவாகக் கேட்டபோது தேர்ந்தவர்கள் விரிவாகச் சொன்னார்கள். சற்றுமுன் தாம் அடித்த அந்த ஓர் அடியை நினைவுகூரச் சொன்னபோதோ, புதியவர்களைவிடக் குறைவாகவே சொன்னார்கள். செயல் நடந்தது, செய்தவர் அதனைக் காணவில்லை!

இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பந்து மட்டையைத் தொடும்வரை அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காதே என்பது கிரிக்கெட் பயிற்சியில் வழிவழியாக ஓதப்படும் பாடம். 2000இல் லேண்ட், மெக்லியாட் ஆகியோர் மட்டையாளரின் விழியசைவுகளைப் பதிவு செய்து பார்த்தபோது, உண்மை வேறாக இருந்தது. பந்து கையைவிட்டு நீங்கும் கணத்தைப் பார்த்தபின், விழி பந்தை விட்டுவிட்டு, அது தரையில் குத்தும் என்று எதிர்பார்க்கும் இடத்திற்கு முன்னதாகவே தாவிச்சென்று காத்திருக்கிறது. திறமை மிக்கவரின் விழி இன்னும் விரைவாகத் தாவுகிறது. ஆக, தாம் செய்யாத ஒன்றைச் செய்வதாக நம்பி, அதனையே பிறர்க்கும் போதித்து வந்திருக்கிறார்கள் நல்ல ஆட்டக்காரர்கள். அதில் பொய்யில்லை, வஞ்சமில்லை. தம் கண்ணின் தொழில் தமக்கே தெரியவில்லை, அவ்வளவே.

இதனோடு மற்றோர் இடர்ப்பாடும் சேர்கிறது. அறிந்தவர்க்கு, அறியாதவரின் நிலை தோன்றுவதில்லை. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பார் ஓர் எளிய சோதனை நடத்தினார். ஒருவர் நன்கறிந்த பாடலின் தாளத்தை மேசையில் தட்ட, எதிரில் இருப்பவர் பாடலைக் கண்டறிய வேண்டும். பாதிப்பேர் கண்டுபிடித்து விடுவர் எனத் தட்டியவர்கள் கருதினர். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டறியப்பட்டவை மூன்றே! தட்டுபவர் செவியுள் பாடல் முழுதும் ஒலிக்கிறது. கேட்பவர்க்கோ வெறும் தட்டல். பெருவீரர் மாணவனிடம், இதில் என்ன கடினம், இப்படி அடி என்று காட்டும்போது நிகழ்வது இதுவே. இரண்டு முறை முயன்று தோற்ற இளைஞன், தனக்குத் திறமையில்லை என முடிவு செய்து களத்தைவிட்டு அகல்கிறான். இழப்பு வீரருக்கன்று, அவ்விளைஞனுக்கே. (தேர்வில் முதலிடம் பெற்றவர் என்னும் ஒரே தகுதியைக் கண்டு வகுப்பறைக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் நாம், விளையாட்டுத் துறையினரைக் குறைகூறும் உரிமை உடையோமா என்பது தனிக் கேள்வி.)

இதற்கு மறுதலையான சான்றுகளும் உள. சச்சின் டெண்டுல்கரை உருவாக்கிய இரமாகாந்த் அச்ரேக்கர் ஆடிய முதல்தர ஆட்டம் ஒன்றே ஒன்று. மும்பை சிவாஜி பூங்காவில் குச்சிகளின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். சச்சினை வீழ்த்துபவனுக்கு அது பரிசு, எவரும் வீழ்த்தாவிடில் சச்சினுக்கே. களைத்த உடலோடும் கவனம் சிதறாமல் ஆடுதலைச் சொற்பொழிவு ஆற்றாமல் கற்பித்த முறை அது. பி. டி. உஷாவின் ஆசான் ஓ. எம். நம்பியார், விமானப்படையில் பணியாற்றியவர். ஓட்டக்காரராகப் பன்னாட்டுப் புகழ் எய்தியவர் அல்லர். 1984 இலாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் உஷா நொடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். மறுஆண்டு துரோணாச்சாரியார் விருது முதன்முறை வழங்கப்பட்டபோது, பெற்றவர்களுள் நம்பியாரும் ஒருவர்.

மொழி உலகிலும் இதற்கு ஒப்புமை காணலாம். அரபு இலக்கணத்தின் மூலநூலாகிய ‘அல்-கிதாப்’பை இயற்றிய சீபவைஹி பாரசீகர், எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் கற்றவர். ஒவ்வோர் எழுத்தும் தொண்டையிலும் நாவிலும் இதழிலும் பிறக்கும் இடங்களைப் பதினாறாக வகுத்துக் கூறியவர். அரபுத் தாயின் மடியில் பேசப் பழகியவனுக்கு அவ்விடங்களைத் தேட வேண்டிய தேவை என்ன?

ஆயின், பெருவீரர் எவரும் நல்ல பயிற்சியாளர் ஆகார் என்று விதி வகுத்தல் பிழை. உலகக் கோப்பைக் கால்பந்தை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வென்ற மூவர் உளர்: பிரேசிலின் ஜகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பவர், பிரான்சின் தெஷாம். மேலும், புகழில்லாத பயிற்சியாளர் தோற்றால் யாரும் எழுதுவதில்லை. புகழுடையார் தோல்வியே ஊரறிந்த செய்தியாகிறது. இக்கணக்கையும் கழித்தே பார்த்தல் வேண்டும்.

விதிவிலக்குகளுள் என் கருத்தில் மிகச் சிறந்தவர் புல்லேலா கோபிசந்த். இவர் 1990களில் முழங்காலில் பெருங்காயமுற்று அறுவைச் சிகிச்சைகளுக்கு ஆளானார். உடல் மறந்த படிகளை ஒவ்வொன்றாக மீண்டும் எண்ணி எண்ணிப் பழக வேண்டிய நிலை. அதன் பின்னரே 2001இல் அகில இங்கிலாந்து இறகுப்பந்துப் பட்டத்தை வென்றார். பிறரெல்லாம் ஒருமுறை கற்று மறந்துவிடுவதை இவர் இருமுறை கற்றார். ஐதராபாத்தில் இவரிடம் பயின்ற சாய்னா நேவால் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும், பி. வி. சிந்து 2016 ரியோவில் வெள்ளியும் வென்றனர். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் ஆடிய ஆசானுக்குக் கிட்டாத பதக்கங்கள் அவை.