வீட்டுப் பட்டறையில் ஒரு பழைய வீதி

பழம்பொருளை எறிவது எளிது; மறைந்தபின் மீட்பது அரிது. இங்கிலாந்தில் பிக்கரிங் என்னும் சிற்றூரில் மருத்துவராயிருந்த ஜான் கிர்க் இதை நன்குணர்ந்தார். நாட்டுப்புற மக்களிடமிருந்து, வழக்கொழிந்துவந்த கருவிகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் திரட்டினார். அவற்றை வெறுமனே அடுக்கிவைக்க அவருக்கு மனமில்லை. யார்க் நகரில், முன்பு பெண்கள் சிறையாயிருந்த கட்டடத்துக்குள், கடைகள் நிறைந்த ஒரு வீதியாகவே அமைக்கச் செய்தார். 1938-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்வீதிக்குக் 'கிர்க்கேட்' என்று பெயர்.

நம் வீட்டுப் பட்டறையையும் இவ்வாறு அழகுபடுத்தலாம். சாமான் அலமாரிக்கு ஒட்டுப்பலகையால் கடைமுகப்பு போன்ற கதவு செய்வோம். கூரை தாழ்வாக இருந்தால், மேல்மாடிச் சன்னல்களைக் கீழுள்ளவற்றைவிடச் சிறிதாக அமைப்போம். முகப்பு உயரமாகத் தோன்றும். 1955-இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் பழைய வீதியிலும் இந்த உபாயமே கையாளப்பட்டது. தெருவிளக்கில் மட்டும் உண்மைச் சுடர் வேண்டாம். மரத்தூள் எளிதில் தீப்பற்றும். சிறு மின்விளக்கே போதும்.

கடைச் சன்னலில் தாத்தாவின் இழைப்புளியையும் பாட்டியின் அரிக்கேன் விளக்கையும் வைப்போம். ஒவ்வொன்றின் பெயரையும் பயனையும் பெரியோரிடம் இன்றே கேட்டு எழுதிவைப்போம். பெயர் மறந்த பொருள் பாதி தொலைந்த பொருளன்றோ!