காரின் முகமும் காற்றின் வழியும்

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்பர். மனிதருக்கு அது எவ்வளவு பொருந்துமோ அறியேன். நடுவில் இஞ்சின் வைத்த ஸ்போர்ட்ஸ் காருக்குச் சற்றும் பொருந்தாது. இஞ்சின் பின்னால் இருப்பதால் முன்மூக்கு வெறும் அலங்காரம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் என் தந்தையாரின் மூன்று வாரக் கூலியைத் தின்றுவிட்டது. ஆகவேதான் இக்கட்டுரை.

கம்பு ஒன்றின் இரு முனைகளிலும் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். பின்பு அதே கற்களை நடுவில் கட்டிச் சுழற்றுங்கள். இரண்டாவது எவ்வளவு எளிது! கனத்த இஞ்சினை இருக்கைக்குப் பின்னும் பின்சக்கரத்துக்கு முன்னும் வைப்பதன் பயன் இதுவே; வளைவில் வண்டி சட்டெனத் திரும்பும். 1959இல் ஜாக் பிராபம் இத்தகைய கூப்பர் காரில் உலகப் பந்தய வீரர் பட்டம் வென்றபின், முன்னிஞ்சின் பந்தயக் கார்கள் விரைவில் மறைந்தன. 1966இல் இத்தாலியின் லம்போர்கினி மியூரா வந்தது. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டு டில்லி கண்காட்சியில் டி.சி. அவந்தி தோன்றியது.

இஞ்சின் நகர்ந்ததால் மூக்கைத் தாழ்வாகவும் கூராகவும் செதுக்கலாம். சிற்பிக்குக் கிடைத்த விடுதலை அது. ஆனால் வீடு காலியாகிவிட்டதா? இல்லை. பல கார்களில் ரேடியேட்டர் அங்கேதான் இருக்கிறது. ஸ்டியரிங் பொறியும், மோதினால் நசுங்கி நம்மைக் காக்கவேண்டிய இடமும் அங்கேதான். (பின்னிஞ்சின் வண்டியான நானோவின் முன்மூடியைத் திறந்தவர்கள் மாற்றுச் சக்கரத்தைக் கண்டிருப்பர்.)

இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத காற்றும் அங்கே வேலை செய்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், எதிர்ப்படும் ஒரு சதுர மீட்டர் பரப்பைக் காற்று ஏறத்தாழ 47 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்காகிவிடும். காற்று மூக்கின் விளிம்பைத் தாண்டி மேலே வளையுமிடத்திலோ அழுத்தம் குறைந்து, உடலை மேலே இழுக்கிறது. இவ்வகைக் கார்களில் முன்சக்கரங்கள் சுமக்கும் எடை குறைவு. ஆகவே அந்த இழுப்பு ஸ்டியரிங்கில் உடனே தெரியும். அழகிற் சிறந்த மியூராவுக்கே விரைந்து செல்கையில் முன்புறம் இலேசாகிவிடும் குறை உண்டு.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்தில் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோருள் என் தந்தையாரும் ஒருவர். பட்டறையில் ஃபைபர் வேலை. களிமண்ணில் உருவம் பிடித்து, அச்செடுத்து, கண்ணாடி நார் விரித்து, ரெசின் தடவி, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து அவர் முடிக்கும் வளைவில் கைவைத்தால் பளிங்கென்றே தோன்றும்.

அயல்நாட்டு நடுவிஞ்சின் கார் ஒன்றின் உரிமையாளர், அகன்ற முன்வாயை ஒரு கீற்றாகச் சுருக்கி, மூடிமேல் துளை போலத் தோன்றும் கறுப்புத் தகடுகளை ஒட்டச் சொன்னார். “இது மூச்சு விடாதுங்க” என்றாராம் தந்தையார். யாரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறன்று நந்திமலை ஏற்றத்தில் கார் கொதித்து நின்றது. ஏற்றத்தில் இஞ்சினுக்கு உழைப்பு மிகுதி, வேகமோ குறைவு. உள்ளே புகும் காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாகக் குறைந்துவிடுகிறதன்றோ? பழுதுச் செலவைப் பட்டறை தந்தையாரின் கூலியில் பிடித்துக்கொண்டது.

விடுமுறையில் நான் அங்கே சென்றேன். மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் நிறமூட்டிய நீரை நிரப்பி, ஒரு முனையை மூக்கின் பின்னும் மறுமுனையை முன்கண்ணாடியின் அடியிலும் ஒட்டி, நடுப்பகுதியை வளைத்துக் காருக்குள் வைத்துக்கொண்டோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூக்குப் பக்கத்து நீர் ஒரு விரற்கடை உயர்ந்தது. சூடான காற்றை வெளியே உறிஞ்சவல்ல இடம் அதுவே! கண்ணாடியடியில் துளையிட்டிருந்தால் காற்று எதிர்த்து உள்ளே நுழைந்திருக்கும்.

தந்தையார் வியக்கவில்லை. “சாம்பியன் ரீஃப்ல உங்க தாத்தா சொல்லுவாரு, ஒரு குழியில காத்து எறங்கினா இன்னொரு குழியில ஏறணும்னு. வாயை மட்டும் தொறந்து வெச்சா போதுமாடா?” என்றார். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில், பாறையே 60 பாகைக்கு மேல் சுடும் இடத்தில் வேலை செய்தவரின் பாடம் அது. நான் பட்ட வகுப்பில் படித்ததும் அதுதான்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன்: தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாதென 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகத்தை மாற்ற விரும்பும் நண்பர்கள் முதலில் பதிவு அலுவலகத்தில் கேட்டறிவது நலம்.

அந்தக் காரின் வாயை மீண்டும் அகலமாக்கினோம். போலித் தகடுகளைப் பெயர்த்து, மூக்கின் பின்னே மெய்யான இரு துளைகளை வெட்டினார் தந்தையார். மறுமுறை நந்திமலை ஏறுகையில் வெப்பமுள் நடுவிலேயே நின்றது. கூலி இன்னும் திரும்பி வரவில்லை.