மாத்திரைக்கு அடங்காத ரத்தசோகை



ரத்தசோகை பற்றி நம் குழுக் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். சத்து மாத்திரை, பூச்சி மாத்திரையிலேயே பலருக்குச் சரியாகிவிடும். ஆனால் வீட்டுப் பெரியவருக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஊறவில்லையா? "வயசாச்சு, அப்படித்தான்"னு விட்டுவிடக் கூடாது. அது எம்.டி.எஸ். என்ற ரத்தப் புற்றுநோய் வகையாகவும் இருக்கலாம்.

நாற்றங்காலில் கோளாறு

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்த அணுக்களுக்கு நாற்றங்கால். இந்த நோயில் நாற்று நிறைய இருந்தும் கோணல்மாணலாக வளர்ந்து, நடவுக்கு முன்பே பட்டுப்போகும். அதனால் அசதி, மூச்சு வாங்குதல், அடிக்கடி காய்ச்சல், ஈறில் ரத்தக்கசிவு வரும். 60 வயது தாண்டியவர்களுக்கே அதிகம். இது தொற்றுநோய் அல்ல.

பி12 சத்துக் குறைந்தாலும் மஜ்ஜை இப்படித் தெரியலாம். அதை ஊசியிலேயே சரிசெய்யலாம். எனவே முதலில் அதைப் பார்க்கச் சொல்வார்கள்.

மஜ்ஜையில் என்ன பார்க்கிறார்கள்?

1. 'பிளாஸ்ட்' என்னும் முதிராத அணுக்கள். 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 10க்கு மேல் போனால் ஆபத்து கூடும். 20 ஆனால் அது தீவிர ரத்தப் புற்றுநோய்.

2. அணுவின் உருவம். வளரும் சிவப்பணுவில் இரும்பு வளையம்போல் படிந்திருந்தால், நோய் பெரும்பாலும் மெதுவாகவே போகும்.

3. குரோமோசோம். 5ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு மட்டும் இல்லையென்றால் பொதுவாக நல்ல அறிகுறி. அதற்கென மாத்திரையும் உண்டு. பல மாற்றங்கள் சேர்ந்திருந்தால் கடுமை.

இவற்றோடு ரத்த அணுக்களின் அளவையும் சேர்த்து, 2012இல் வந்த முறைப்படி நோயை ஐந்து பிரிவாக்குகிறார்கள். அந்த ஆய்வில் மிக லேசான பிரிவில் பாதிப் பேர் 8 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள். மிகக் கடுமையான பிரிவில் பாதிப் பேர் ஓராண்டுகூட இல்லை. இது பலரைப் பார்த்துப் போட்ட கணக்கு. ஒருவரின் தலையெழுத்து அல்ல.

"முதுகுத்தண்டில் குத்துவாங்க, கால் விளங்காது" என்பது தவறு. இடுப்பின் பின்பக்க எலும்பில், மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். எடுப்பதும் கொஞ்சமே, அது மறுபடி ஊறிவிடும்.

நாம் செய்ய வேண்டியது

பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். டாக்டரிடம், "பிளாஸ்ட் எத்தனை சதவீதம்? எந்தப் பிரிவு?" என்று தைரியமாகக் கேளுங்கள். லேசான பிரிவுக்குக் கண்காணிப்பு, ரத்தம் ஏற்றுதல், ரத்தம் ஊற ஊசி போதலாம். கடுமையானதற்கு வேறு மருந்தும், சிலருக்கு மஜ்ஜை மாற்றும் தேவைப்படும்.

ஆகவே நோயின் பேரைக் கேட்டதுமே நகையை அடகு வைக்க ஓடவும் வேண்டாம், "இனி அவ்வளவுதான்"னு கைவிடவும் வேண்டாம். எந்தப் பிரிவு என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்போம்.